ஷொல்ஷேர் நூலகம்: போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

மார்த்தினிக் தீவிலுள்ள ஷொல்ஷேர் நூலகத்தின் படத்தை நண்பர்கள் குழுவில் ஒருமுறை போட்டேன். அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. பாரிஸிலிருந்து விடுமுறைக்குப் போகிறவர்கள், டொராண்டோவிலிருந்து கப்பல் பயணம் போகிறவர்கள், சென்னையிலிருந்து விசா பற்றி விசாரிப்பவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

இது எந்த ஊர்ல இருக்கு? எந்த நாடு?

கிழக்குக் கரீபியனில் டொமினிக்காவுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் நடுவே உள்ள தீவு மார்த்தினிக். அதன் தலைநகர் ஃபோர்-தெ-பிரான்ஸ். நகரின் நடுவே லா சவான் என்ற பெரிய பூங்கா இருக்கிறது. பூங்காவை ஒட்டிப் போகும் 'விடுதலைத் தெரு'வில்தான் நூலகம்.

மார்த்தினிக் தனி நாடு இல்லை, பிரான்ஸின் ஒரு பகுதி. செலவுக்கு யூரோ, அலுவலுக்குப் பிரெஞ்சு. வீட்டிலும் சந்தையிலும், பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோல் பேசுகிறார்கள்.

அந்தப் பேரை எப்படிச் சொல்றது? யார் அவர்?

'ஷொல்ஷேர்' என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும். விக்தோர் ஷொல்ஷேர் 1804இல் பாரிஸில் பீங்கான் உற்பத்தி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தைந்து வயதுவாக்கில் குடும்பத் தொழிலுக்காக மெக்சிகோ, கியூபா, அமெரிக்கா என்று போனபோது அடிமை முறையை நேரில் பார்த்தார். அதை ஒழிப்பதே பிறகு அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது. 1848 ஏப்ரல் 27 அன்று பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்த ஆணைக்குப் பின்னால் முக்கியமாக நின்றவர் அவர்தான்.

1851இல் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதும் நாட்டைவிட்டு வெளியேறி, ஏறத்தாழ இருபது வருடம் இங்கிலாந்தில் இருந்தார். அந்தக் காலத்தில் இசையமைப்பாளர் ஹாண்டலின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இசைக் குறிப்பேடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். நூலகக் கதையில் அந்தப் பழக்கமும் வரும். 1893 டிசம்பர் 25 அன்று இறந்தார். 1949இல் அவருடைய எச்சங்களை, பிரான்ஸ் தன் பெருமக்களை அடக்கம் செய்யும் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றியபோது அவருடைய தந்தையையும் கூடவே கொண்டுவந்து வைத்தார்கள். அப்பாவைப் பிரியக் கூடாது என்பது அவர் விருப்பம்.

ஒரு நூலகத்துக்கு ஏன் அவர் பேர்? அவரா கட்டினார்?

கட்டிடத்தை அவர் கட்டவில்லை. புத்தகங்களைக் கொடுத்தார். 1883இல் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து சுமார் 10,000 நூல்களையும் 250 இசைக் குறிப்பேடுகளையும் மார்த்தினிக்குக்குத் தருவதாகச் சொன்னார். கூடவே, அவற்றை வைத்து ஒரு நூலகம் அமைய வேண்டும், அது எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அந்த 'எல்லாருக்கும்' என்ற சொல்லை 1883இல் வைத்துப் பாருங்கள். அடிமை முறை ஒழிந்து முப்பத்தைந்து வருடம்தான் ஆகியிருந்தது. கரும்புத் தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர்கள் ஐம்பது, அறுபது வயதில் அதே ஊரில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் உள்ளே வந்து உட்கார்ந்து படிக்க ஒரு இடம் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு இந்த நூலகத்தில் குவிமாடத்தைவிடப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

பாரிஸ் கண்காட்சியில் நின்ன கட்டிடத்தைப் பிரிச்சுக் கப்பலில் கொண்டுவந்தாங்களாமே, உண்மையா?

பாதி உண்மை. வடிவமைத்தவர் பியேர்-ஆன்றி பிக் என்ற பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர். இரும்புப் பாகங்கள் பிரான்ஸில் தயாராகிக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. இதில் சந்தேகம் இல்லை. 1889 உலகக் கண்காட்சியில் ஒரு மண்டபமாக நின்று, வேலை முடிந்ததும் இங்கே அனுப்பப்பட்டது என்று பல சுற்றுலாக் குறிப்புகள் எழுதுகின்றன. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இது ஆரம்பம் முதலே ஷொல்ஷேரின் புத்தகங்களுக்காக, இந்த ஊருக்காக வரையப்பட்ட நூலகம்.

கண்காட்சிக் கதை பரவுவதற்குக் காரணம் புரிகிறது. அதே வருடம்தான் ஈஃபெல் கோபுரம் எழுந்தது. இரும்பைப் பாகம் பாகமாக வார்த்து, எண் போட்டு, எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் பூட்டலாம் என்று பிரான்ஸே வியந்துகொண்டிருந்த காலம். முகப்பைப் பார்த்தாலும் கண்காட்சி மண்டபம் போலத்தான் இருக்கும். ஆனால் வேறொரு ஊரின் மிச்சத்தை இவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று ஆகிவிடுகிறதே, அதனால்தான் திருத்திச் சொல்கிறேன்.

இரும்பில் ஏன் கட்டணும்? கல் கிடைக்காதா?

தீவின் வரலாற்றைப் பார்த்தால் காரணம் தெரியும். 1839 ஜனவரியில் ஒரு பெரிய நிலநடுக்கம் வந்து நகரின் கல் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. மக்கள் பயந்து மரத்தில் கட்ட ஆரம்பித்தார்கள். மரமோ தீக்கும் கரையானுக்கும் இரை. இதற்கு மேல் வருடா வருடம் புயல் பயம். நிலம் ஆடினால் நொறுங்காமல் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும், தீப்பிடிக்கவும் கூடாது என்றால் அன்றைக்கு இரும்புச் சட்டகம்தான் வழி.

இரும்புக்கும் ஒரு பகை உண்டு. கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக் காற்று. துரு பிடிக்காமல் சுரண்டிச் சுரண்டி வண்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். சில சமயம் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்து 'படம் கெட்டுப்போச்சு' என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பராமரிப்பு இல்லாவிட்டால் பார்க்கக் கட்டிடமே இருக்காது.

தீயில் எரிஞ்சு போச்சுன்னு படிச்சேன். அப்போ நாம பார்க்கிறது நகலா?

நகல் இல்லை. 1890 ஜூன் 22 அன்று ஃபோர்-தெ-பிரான்ஸின் பெரும்பகுதியைத் தீ தின்றது. நூலகக் கட்டிடம் அப்போது எழுந்து முடியவில்லை. ஆனால் புத்தகங்கள் ஏற்கனவே ஊருக்குள் வந்து வேறோர் இடத்தில் இருந்தன. ஷொல்ஷேர் கொடுத்ததில் பெரும்பாலானவை அந்தத் தீயில் போயின. அடுத்த வருடமே, 1891 ஆகஸ்டில், கடும் புயல் வந்து தீவைப் புரட்டிப்போட்டது.

இரண்டையும் தாண்டி 1893இல் நூலகம் திறந்தது. ஷொல்ஷேர் இறந்ததும் அதே வருடக் கடைசியில்தான். ஆக, கட்டிடம் அசல், அலமாரிகளில் இருப்பது பெரும்பாலும் பிறகு சேர்த்த நூல்கள். யாருடைய புத்தகங்களுக்காக வரைந்தார்களோ அந்தப் புத்தகங்கள் இல்லாமலே அது திறக்கப்பட்டது. உள்ளே போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறப்போ எதைக் கவனிக்கணும்?

முதலில் சாலையைக் கடந்து பூங்கா ஓரத்திலிருந்து முழுவதையும் பாருங்கள். ஒரே பாணி என்று சொல்லவே முடியாது. பைசாந்தியத் தேவாலயங்களை நினைவூட்டும் குவிமாடம், எகிப்தை நினைவூட்டும் தூண்கள், நுழைவாயிலில் பெரிய வளைவு, நீலமும் சிவப்பும் காவியுமாக வண்ண ஓடுகள், மொசைக். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தும் உறுத்தவில்லை என்பதுதான் பிக்கின் கெட்டிக்காரத்தனம். 

பிறகு பக்கத்தில் போங்கள். முகப்பில் பிரெஞ்சு எழுத்தாளர்கள், சிந்தனையாளர்களின் பெயர்கள் பொறித்திருக்கும். கல்லில் செதுக்கியது போலத் தூரத்தில் தெரியும் பல இடங்கள் கிட்டப் போனால் உலோகம். இரும்புத் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளையும் பாகங்கள் சேரும் கோடுகளையும் கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். அப்போது, இது துண்டு துண்டாகக் கடல் தாண்டி வந்தது என்பது படித்த செய்தியாக இல்லாமல் கண்ணெதிரே தெரியும். 1973இல் இதைப் பிரெஞ்சு அரசு வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

உள்ளே போகலாமா? டிக்கெட் எவ்வளவு?

டிக்கெட் கிடையாது. இது அருங்காட்சியகம் இல்லை, இன்றும் நடக்கும் பொது நூலகம். மேலே சொன்ன 'எல்லாருக்கும்' இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நேரம் மட்டும் நாளுக்கு நாள் மாறும், பழுதுபார்ப்புக்காகச் சில காலம் மூடுவதும் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கும் விடுதியில் சொல்லித் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு போகாதீர்கள், நகர மையமே வெறிச்சோடிக் கிடக்கும். திருவிழா நாட்களிலும், அடிமை ஒழிப்பு நாளான மே 22 அன்றும் அப்படித்தான்.

நுழைந்ததும் முதல் காரியம், மேசையில் இருப்பவரைப் பார்த்து 'போன்ஷூர்' சொல்வது. பிரெஞ்சுத் தீவுகளில் இது வெறும் மரியாதைச் சொல் இல்லை, அது இல்லாமல் நேரே கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார்கள். சொல்லிவிட்டுக் கேட்டால் நின்று நிதானமாக உதவுகிறார்கள்.

படம் எடுக்கலாமா?

வெளியே தாராளமாக. உள்ளே கேட்டுவிட்டு எடுங்கள், பிளாஷ் வேண்டாம். படித்துக்கொண்டிருப்பவர்களின் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு நாம் இடைஞ்சலாகக் கூடாது.

உள்ளே என்ன இருக்கு? எனக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. போய் என்ன பிரயோஜனம்?

பிரெஞ்சு தேவையில்லை. நடுக்கூடத்தில் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். கண்ணாடி பதித்த குவிமாடத்திலிருந்து வெளிச்சம் இறங்கி வரும். இரும்பு வளைவுகள் அதைத் தாங்குகின்றன. சுற்றிலும் அலமாரிகள், மேலே இரும்புக் கம்பிப் பிடியோடு மாடம். மின்விளக்கு இல்லாத காலத்தில் படிக்க வெளிச்சம் வேண்டும், ஆனால் வெப்ப நாட்டு வெயில் புத்தகத்தின் மேல் நேராக விழக் கூடாது. இரண்டுக்கும் வழி அந்தக் கூரை. அதைப் புரிந்துகொள்ள மொழி வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். ஐந்து நிமிடத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். இடம் இருந்தால் ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருங்கள். கையில் உங்கள் தமிழ்ப் புத்தகம் இருந்தாலும் சரி. முதல் தடவை நான் படம் எடுத்துவிட்டு ஓடிவந்தேன். இரண்டாம் தடவை மழைக்காக ஒதுங்கி உட்கார்ந்தபோதுதான் அந்த இடம் எனக்குப் பிடிபட்டது. கூரையில் மழைச் சத்தம், பக்கத்து மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், பேப்பர் புரட்டும் ஒரு முதியவர். குடியேற்ற ஆதிக்கத்தை எதிர்த்து எழுதிய சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ஃபனோன் 1925இல் பிறந்தது இதே ஊரில்தான், பையனாக இருந்தபோது இங்கேதான் வந்து படித்திருக்கிறார். அவர் பெயர் தெரிந்தவர்களுக்கு அந்த நாற்காலி இன்னும் கனமாக இருக்கும்.

கப்பல்ல வர்றோம், ஊரில் நாலஞ்சு மணி நேரம்தான். முடியுமா?

முடியும். பொயிந்த் சிமோன் துறையில் இறங்கினால் பூங்கா நடக்கிற தூரம்தான். இன்னொரு துறை சற்றுத் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து டாக்சி எடுங்கள். காலையிலேயே நூலகத்துக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பு நடப்பது சுகம், கூட்டமும் குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம், குடை வேண்டும். டிசம்பர் முதல் மே வரை வறண்ட காலம்.

மிச்ச நேரத்தில் சேன் லூயி பேராலயத்தைப் பாருங்கள். அதுவும் பிக் வடிவமைத்ததே, அதுவும் இரும்புச் சட்டகம்தான். தீக்கும் புயலுக்கும் பிறகு எழுப்பி 1895இல் முடித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே கை என்று தெரியும்.

ஷெங்கன் விசா இருக்கு. போதாதா?

ஷெங்கன் என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கும் பொது விசா. இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். போதாது. மார்த்தினிக் பிரான்ஸின் பகுதி, ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கும்போதே மார்த்தினிக் போவதாகக் குறிப்பிட்டு, அதற்குச் செல்லும் பிரெஞ்சு விசா வாங்க வேண்டும். பிரான்ஸில் வதிவிட அட்டை உள்ளவர்களுக்கும், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், கனடா பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும் சுற்றுலாவாகப் போக இந்தச் சிக்கல் இல்லை.

விமானம் பெரும்பாலும் பாரிஸிலிருந்து, எட்டரை ஒன்பது மணி நேரம். மாண்ட்ரியாலிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. பக்கத்துத் தீவுகளான டொமினிக்கா, செயின்ட் லூசியா, குவாதலூப்பிலிருந்து படகிலும் வரலாம்.

தமிழங்க அங்க இருந்தாங்களாமே? இந்த நூலகத்தோட அதுக்குச் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை, ஆனால் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் குறைந்த கூலிக்கு ஆள் தேடினார்கள். 1853 மே மாதம் 'ஓரேலி' என்ற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கியது. அடுத்த முப்பது வருடத்தில் ஏறத்தாழ 25,000 பேர் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறியவர்கள் நிறைய, அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். நோயிலும் வேலையிலும் பலர் மாண்டார்கள், மிச்சமுள்ளவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். விடுதலை பெற்றவர்களின் கூலியை அடித்து நொறுக்கவே ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருகிறார்கள் என்று ஷொல்ஷேரே இந்த முறையை எதிர்த்தார்.

தீவின் வடக்கே பாஸ்-பொயிந்த் பக்கம் இன்றும் சிறு கோவில்கள் இருக்கின்றன. மாரியம்மன் அங்கே 'மாரியேமேன்'. மதுரை வீரன் 'மால்தெவிதான்'. பேச்சில் தமிழ் போய்விட்டது, சாமி கும்பிடும் பாட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்ச் சாப்பாட்டில் 'கொலொம்போ' என்று ஒன்று இருக்கும், சாப்பிட்டுப் பாருங்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு வாசனையோடு நம் குழம்புதான் அது.

என் கொள்ளுத்தாத்தா குடும்பம் அங்க போனதாச் சொல்றாங்க. நூலகத்தில் பேர் தேட முடியுமா?

தீவின் வரலாறு பற்றிய நூல்கள் நூலகத்தில் கிடைக்கும். ஆள் பெயர் தேடுவதற்கு மார்த்தினிக் ஆவணக் காப்பகம்தான் சரியான இடம். அதற்கு முன்பு வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்யலாம். பிரான்ஸின் கடல்கடந்த குடியேற்றங்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை எக்ஸ்-ஆன்-புரோவான்ஸிலுள்ள தேசியக் காப்பகம் இணையத்தில் படங்களாகவே வைத்திருக்கிறது.

பெயர்கள் பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. வீராசாமியோ முனியம்மாளோ அதே எழுத்தில் இருக்க மாட்டார்கள். வாய்விட்டு வாசித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஷொல்ஷேர் சிலையை உடைச்சாங்களே! நல்லது செய்தவர்தானே? அப்போ நூலகத்துப் பேரும் தப்பா?

2020 மே 22 அன்று தீவில் இருந்த அவருடைய இரண்டு சிலைகளை இளம் போராட்டக்காரர்கள் வீழ்த்தினார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்படுவதற்கு மூன்று நாள் முந்தி. அதனால் அமெரிக்காவைப் பார்த்துச் செய்தது என்று நினைக்க வேண்டாம், இது அவர்களுடைய சொந்தக் கேள்வி. இரண்டு மாதம் கழித்து, லா சவான் பூங்காவில் 1991 முதல் தலையில்லாமல் நின்ற, முதலாம் நெப்போலியனின் மனைவி ஜொசெஃபினின் சிலையும் விழுந்தது. அவர் இந்தத் தீவின் தோட்ட முதலாளி வீட்டுப் பெண். 1802இல் நெப்போலியன் அடிமை முறையை நிலைநிறுத்தினார்.

மே 22ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1848இல் பாரிஸ் ஆணை கப்பலேறி வந்து சேர்வதற்கு முன்பே, மே 22 அன்று சேன்-பியேர் நகரில் அடிமைகள் எழுந்துவிட்டார்கள். மேளம் அடித்ததற்காக ரொமேன் என்ற அடிமையைச் சிறையில் போட்டதில் தொடங்கியது அது. மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது, ஷொல்ஷேர் விடுதலை தந்தார் என்பதுதான். விடுதலையோடு நஷ்டஈடும் கொடுத்தார்கள், அதுவும் அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு. கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா?

என் எண்ணம் இது. சிலை ஒருவரை உயரத்தில் நிறுத்தி மற்றவர்களை மறைத்துவிடுகிறது, அதைக் கேள்வி கேட்பது நியாயம். நூலகம் வேறு விஷயம். அவர் கொடுத்த புத்தகங்கள் எரிந்துவிட்டன, அவர் கேட்ட திறந்த கதவு இருக்கிறது. அதற்குப் பெயர் வைப்பதா மாற்றுவதா என்பதை அந்த ஊர்க்காரர்கள் முடிவு செய்யட்டும். நாம் அங்கே போகும்போது ரொமேன் பெயரையும் தெரிந்துகொண்டு போவோம்.

அடிமை வரலாற்றைத் தெரிஞ்சுக்க நூலகத்தோட வேறெங்க போகலாம்?

தெற்கே தியமான் கடற்கரையில் 'ஆன்ஸ் கஃபார்' நினைவிடம். 1830 ஏப்ரலில், சட்டத்துக்குப் புறம்பாக அடிமைகளை ஏற்றி வந்த ஒரு கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. லொரான் வலேர் என்ற உள்ளூர்ச் சிற்பி 1998இல் செய்த 15 வெள்ளைச் சிலைகள், தலை குனிந்தபடி ஆப்பிரிக்கா இருக்கும் திசையை நோக்கி நிற்கின்றன. கார் இருந்தால் கட்டாயம் போங்கள்.

அவ்வளவு தூரம் போய் நூலகம் பூட்டியிருந்தா?

எனக்கே மூன்றாம் தடவை அப்படித்தான் ஆனது, சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. மேலே முகப்பைப் பற்றிச் சொன்னதை நிதானமாகப் பாருங்கள், தெரு முனைவரை நடந்து பக்கச் சுவரையும் பாருங்கள். அப்புறம் நேரே பேராலயத்துக்குப் போய் உள்ளே உட்காருங்கள். இரும்பு எப்படிக் கூரையைத் தாங்குகிறது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் நூலக வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள், புத்தகம் வாசிக்க வருகிறவர்களுக்கு எங்கே மாற்று இடம் என்று அதில் போட்டிருக்கலாம்.